‘சும்மா உருவி எடுங்க, ஒண்ணும் ஆவாது’

பனச்சமூட்டில் ஒரு கணினிக் கடை. எல்லையூர் என்பதால் கேரளத்துப் பென் டிரைவும் குமரி மாவட்டத்துப் பென் டிரைவும் அங்கே ஒரே மேசையில் கிடக்கும். ஞானஸ்நானப் படங்களைப் பதியக் கொடுத்தவருக்கு பஸ் வந்துவிட்டது. “சும்மா உருவி எடுங்கண்ணே, ஒண்ணும் ஆவாது. எஜெக்ட் எல்லாம் பழைய காலம்” என்றார் கடைக்காரர். பென் டிரைவின் விளக்கு அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்தது. எஜெக்ட் கொடுத்து, கணினியிடம் சொல்லிவிட்டு எடுக்கத் தேவையில்லை என்ற இந்த நம்பிக்கைக்கு ஊரில் சொல்லப்படும் காரணங்கள் நான்கு.

‘மைக்ரோசாஃப்டே வேண்டாம்னு சொல்லிட்டான்.’ பாதிதான் உண்மை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், வெளியிலிருந்து செருகும் சாதனங்களுக்கு ‘விரைவாக அகற்றுதல்’ இயல்பமைப்பானது. எழுத வேண்டியதைக் கணினி தன்னிடம் தேக்கிவைக்காது, அவ்வளவுதான். எழுதும்போதே பிடுங்கினால் அது காப்பாற்றாது. யாராவது அந்த அமைப்பை மாற்றியிருந்தால் இந்தச் சலுகையும் கிடையாது.

‘நூறு சதவீதம் காட்டியாச்சே!’ விண்டோஸை மட்டும் வைத்துப் பேசக் கூடாது. கேரள அரசுப் பள்ளிகளில் ஓடுவது அந்த அரசின் ‘கைட்’ நிறுவனம் தரும் லினக்ஸ். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் நகலெடுக்கும் பட்டை நிறைந்தால், கோப்பு கணினியின் நினைவகம் வரை போய்விட்டது என்றுதான் அர்த்தம். அங்கே அது வழக்கமாக 30 விநாடி வரைகூடக் காத்திருக்கலாம். பிறகுதான் பென் டிரைவுக்கு இறங்கும். மெதுவான பென் டிரைவ் என்றால் அதற்கும் சில நிமிடம் ஆகும். எஜெக்ட் கொடுத்தால் மிச்சத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் விடை கொடுக்கும்.

‘சுழல்கிற பாகமே இல்லை, என்ன கெடப்போகுது?’ கெடுவது கணக்கு. பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை அதில் உண்டு. அதைப் பாதியில் விட்டால் மீட்டுக்கொள்ள, மாற்றங்களைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு (ஜர்னல்) கிடையாது. படம் சில்லுக்குள்ளேயே இருக்கும், முகவரி போயிருக்கும். வெளி ஹார்டு டிஸ்க் என்றால் தட்டு உண்மையாகவே சுழல்கிறது. திடீரென மின்சாரம் நின்றால் அதன் முனை அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கும்.

‘ஆயிரம் தடவை உருவியிருக்கேன்.’ அந்த ஆயிரத்தில் பெரும்பாலும் பாட்டுக் கேட்டிருப்பீர்கள், படம் பார்த்திருப்பீர்கள். எதுவும் எழுதாதபோது உருவினால் ஆபத்து குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோப்பு திறந்திருக்கிறதா, பின்னணியில் ஏதாவது ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று கணினி மறுப்பது பிடிவாதமல்ல. ஏதோ ஒரு நிரல் இன்னும் கையை எடுக்கவில்லை என்கிறது. திறந்ததை மூடிவிட்டு மறுபடி எஜெக்ட் கொடுத்தால் போதும்.

கடைக்காரர் செய்ய வேண்டியதும் அதைத்தான். ஞானஸ்நானத்தை இன்னொரு முறை நடத்திப் படமெடுக்க முடியாது.