தரிசு என்னும் பழிச்சொல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்வோர், மலையடிவாரச் செம்மண் மேடுகளில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரையைக் காணாதிருத்தல் இயலாது. கண்டும் அதனை ஒரு பொருட்டாக எண்ணுவோர் அரியர். அந்நிலத்தைத் தரிசு என்கிறோம்; அங்கே நிற்பதை வெறும் புதர் என்கிறோம். மரம் நடு விழா என்றால் முதலில் அப்புதரை வெட்டிக் களைந்து, பின்னரே குழி தோண்டுகிறோம். நீரூற்ற ஆளின்றிக் கன்று அடுத்த கோடையில் கருகுகிறது. வெட்டுண்ட ஆவாரையோ, வேர் எஞ்சியிருப்பின், மீண்டும் தளிர்க்கிறது. அம்மண்ணுக்கு உரியது எது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முன்னோர் இதனை அறியாதவரல்லர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. மடலேறும் தலைவன் சூடுவதும் அதுவே. பொங்கலையொட்டி வீடுகளில் கட்டும் காப்பில், வேம்பொடும் பூளையொடும் அது இன்றும் இடம்பெறுகிறது.

ஆவாரையின் பணியைச் சற்று நின்று காணல் வேண்டும். அதன் வேர் சரிவு மண்ணைப் பற்றிக்கொள்கிறது. ஆடுமாடுகள் அதன் தழையைப் பெரிதும் விரும்புவதில்லை. ஆதலால் மேய்ச்சலால் மொட்டையான நிலத்திலும் பசுமை எஞ்சுகிறது. பூவில் தேன் இல்லை, மகரந்தமே உண்டு. வண்டு பூவைப் பற்றித் தன் சிறகுத் தசைகளை அதிர்விக்க, மகரந்தப்பையின் நுனித் துளை வழியே பொடி உதிர்கிறது. வண்டின் ரீங்காரத்தை இசையென்று பாடம் நடத்தும் நாம், அது உழைப்பின் ஓசையுமாகும் என்பதை மாணவர்க்குச் சொல்வதில்லை. மேட்டில் இச்செடி அழிந்தால், மழை அரித்த மண் கீழே கோமுகி அணையில்தான் சென்று படியும்.

தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் நெடுங்காலம் ஈடுபட்டவர். அன்று அத்தொழிலுக்கு ஆவாரம்பட்டையே உயிர். பின்னர்த் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது. குரோம் முறையும் வந்தது. ஆவாரை விலை இழந்தது. வாட்டில் மரமோ நீலகிரியிலும் பழனி மலையிலும் நடப்பட்டுப் புல்வெளிகளை விழுங்கியது. தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. விலை போனதும் பயனும் போயிற்று என்று கருதியது நம் பிழையே. (அதே ஆவாரம்பூவை இன்று பொடியாக்கி விற்றால் மட்டும் மறுப்பின்றி வாங்குகிறோம்!)

மரம் நடுதல் தருமம் என்பதை நபிமொழி வழியே அறிந்தவர் நாம். நிற்பதை வெட்டாதிருத்தலை அதனின்றும் பிரித்துப் பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அடுத்த முகாமில் ஆவாரை நிற்கும் மேடுகளை விட்டு, உண்மையாகவே வெறுமையான இடங்களைத் தேர்க. அங்கும் கன்றுகளுக்கு முன் ஆவாரையையே விதைக்கலாம். முற்றிய நெற்றுகளைச் சேகரித்து, விதைத்தோல் கடினமாதலின் சற்றே உரசி, ஓரிரவு நீரில் ஊறவைத்து, பருவமழைத் தொடக்கத்தில் ஊன்றினால் போதும். செலவென்று சொல்ல ஏதுமில்லை.