வாய்க்குள் ஒரு காவற்படை

கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலை ஒன்றில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவருக்குத் தொண்டை கரகரக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வைத்தியரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே மாலையில் மருந்துக் கடையில் நோயைச் சொல்லி, ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார். ஒரு வாரத்தில் தொண்டை குணமாகிறது. மாத்திரை இல்லாவிட்டாலும் அநேகமாய் ஆகியிருக்கும். ஆனால் நாக்கிலே பாலாடை போல வெண்படலம் படர்ந்திருக்கிறது. ரசம் சோறு கூட எரிகிறது. இந்தப் புது விருந்தாளி எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை, முன்பே உள்ளே இருந்ததுதான். காண்டிடா என்னும் ஈஸ்ட், ஆரோக்கியமான மனிதர்கள் பலரின் வாயில் சாதுவாய்க் குடியிருக்கிறது. அதைச் சாதுவாய் வைத்திருப்பவை அங்கேயே வாழும் நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள். அவை இடத்தையும் இரையையும் பிடித்துக் கொள்கின்றன. சில இனங்கள் ஈஸ்டை ஒடுக்கும் அமிலங்களையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் சுரக்கின்றன. உருண்டையான ஈஸ்ட் நூலாக நீண்டால்தான் சதைக்குள் துளைத்துச் செல்லும். அந்த நீட்சியையே தடுக்கும் பொருள்களும் உண்டு. பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூடன்ஸ் உண்டாக்கும் 'மியூடனோபாக்டின்' அத்தகையது. திருடனே காவல் காக்கும் விந்தையை என்னென்பது! என்டரோகாக்கஸ் என்னும் மற்றோர் இனத்தின் 'என்ட்வி' என்ற புரதப் பொருளும் அவ்வாறே தடுப்பதாக அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-ல் எலிகளிடம் சோதித்துக் கண்டார்கள்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். ஈஸ்டை ஒன்றும் செய்யாது. காவற்படை மடிந்ததும் ஈஸ்டின் ராஜ்யம் தொடங்குகிறது.

ஒரு நுண்ணுயிரை மற்றொன்று அடக்கும் இந்த வித்தையில் நம் தேசத்துக்கும் பங்குண்டு. 1954-ல் புனாவுக்கு அருகே பிம்ப்ரியில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையில் எம். ஜே. திருமலாச்சாரும் அவருடைய சகாக்களும், அவ்வூரின் பெயராலேயே வழங்கும் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து 'ஹாமைசின்' என்னும் மருந்தை எடுத்தார்கள். வாய் வெண்படலத்துக்கும் அது பயன்பட்டது. நம் மண்ணிலே பிறந்த மருந்து என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் மருந்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. விவேகத்துடன் உபயோகிப்பது வேறொன்று.

வைத்தியர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது என்று சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல், இவற்றில் பலவற்றின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்கவும் வேண்டும். ஆயினும் வைத்தியரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய ஏழைக்குச் சட்டத்தைக் காட்டி என்ன பயன்? திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, மகிழ்ச்சியே. அதோடு, ஆலை விட்டு வருகிறவர் கூலியை இழக்காமல் பார்க்கக்கூடிய மாலை நேர வைத்தியசாலை ஒவ்வொரு தொழிற்பேட்டையின் வாசலிலும் வேண்டும் என்கிறோம்.

வைத்தியர் ஆராய்ந்து தரும் மருந்தைத் தள்ளும்படி நாம் சொல்லவில்லை; அவர் சொன்ன அளவிலும் சொன்ன நாள் வரையிலும் சாப்பிடத்தான் வேண்டும். கேளாமல் வாங்கும் மாத்திரையைத்தான் வேண்டாம் என்கிறோம். நாக்கில் வெண்படலம் தோன்றினால் இன்னொரு மாத்திரையைத் தேடிக் கடைக்கு ஓடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கூலி வாங்காமல் நம்மைக் காக்கும் படை அது. அதை நம் கையாலேயே அழிக்க வேண்டாம்.