எண் தெரியும், இடத்தைச் சொல்லத் தெரியுமா?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஊரையொட்டிய காடு கழனியெல்லாம் மனைப்பிரிவுகளாகி, ஆளுக்கொரு ‘நகர்’ பெயரோடு நிற்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் வயதான பெற்றோர், இல்லாவிட்டால் பூட்டு. சின்ன வெங்காயமோ மக்காச்சோளமோ அறுவடைக்கு வந்துவிட்டால் பட்டப்பகலிலேயே தெரு காலி. இந்தத் தெருக்களுக்கு ஆபத்து வந்தால் யாரை அழைப்பது?

எண்களுக்குப் பஞ்சமில்லை. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112. பழைய 100, 101, 108 ஆகியவையும் இயங்குகின்றன. இணையவழியில் பணம் பறிபோனால் 1930, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, தேசிய நெடுஞ்சாலை விபத்துக்கு 1033, வெள்ளம் புயலுக்கு ஆட்சியர் அலுவலகத்தின் 1077.

சிக்கல் தொடங்குவது அழைப்பை எடுத்த பிறகுதான். 108க்கு அடித்தால் பேசுபவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். ‘பிள்ளையார் கோயில் சந்து, மூணாவது வீடு’ என்றால் அவருக்கு எந்த ஊர் என்று விளங்கும்? அண்ணா நகரும் காந்தி நகரும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. கைப்பேசி காட்டும் இடம் தெருவரைக்கும் வழிகாட்டலாம். வீட்டு வாசலைக் காட்டாது. மாவட்டம், வட்டம், ஊர், அருகிலுள்ள பெரிய சாலை, வண்டி நுழையும் வழி ஆகிய ஐந்தையும் பதற்றத்தில் கோவையாகச் சொல்ல வேண்டும். பெயர்ப் பலகையும் கதவு எண்ணும் இல்லாத தெருவில் படித்தவரே தடுமாறுவார்.

பொறுப்பு யாருடையது?

இந்த வட்டாரத்துக்குக் காவல் என்பது புதிதல்ல. அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் காவல் வரி வாங்கியவர்கள். களவுபோன பொருளை மீட்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு தர வேண்டும் என்பது பழைய காவல் முறையின் ஏற்பாடு. வரி கொடுக்காதவர் வீட்டில் காவல்காரரே கன்னம் வைத்த கதைகளும் உண்டு. ஆகவே அதைப் போற்ற வேண்டியதில்லை. 1859ஆம் ஆண்டுச் சென்னை மாவட்டக் காவல் சட்டம் சம்பளம் வாங்கும் காவல் துறையை அமைத்தது. ஆனாலும், இந்த எல்லைக்கு இவர் பொறுப்பு என்று களவு நடக்கும் முன்பே முடிவாகியிருந்த அந்தத் தெளிவு நமக்கு வேண்டும்.

இன்று அந்த இடத்தில் இருப்பவர், தனக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்ட பீட் காவலர். காவல் நிலைய எண்ணும் பீட் காவலரின் எண்ணும் ஒவ்வொரு நகரின் நுழைவாயிலிலும் எழுதப்பட வேண்டும். வெளியூர் போகிறவர் நிலையத்தில் தகவல் சொன்னால், இரவு ரோந்தில் பூட்டிய வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். வசூல் செய்து மாட்டிய சிசிடிவி பதிவாகிறதா என்று பார்ப்பதற்கும் ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும்.

விழிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் திரிவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தை ஊரார் சூழ்ந்து தாக்கியதில் 65 வயது மூதாட்டி இறந்தார். குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அறிமுகமில்லாதவரைக் கண்டால் தெரு செய்ய வேண்டியது தகவல் சொல்வது மட்டுமே. விசாரணை அதன் வேலையல்ல.

அப்படி அழைப்பவரைக் காவல் துறையும் அலைக்கழிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று இனித் திருப்பி அனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். ஒருமுறை அலைந்து அலுத்தவர் அடுத்த வீட்டில் பூட்டு உடைபடும் சத்தம் கேட்டாலும் போனை எடுக்கமாட்டார்.

சொத்து வரி வாங்கும் நகராட்சியும் ஊராட்சியும் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் எழுதிவைப்பதுதான் பாதுகாப்பின் முதல் செலவு. கேமராவுக்குத் தரும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அதைச் செய்யாதவரை, அழைப்பு போய்ச் சேரும். உதவி தெருமுனையில் நின்று வழி கேட்டுக்கொண்டிருக்கும்.