ரீஸ்டார்ட் பண்ணாதீங்க மக்களே!

"சார், ஒரு வாட்டி ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்."

மூணு மாசமா தினமும் இதே பல்லவி. பண்ணுவோம். அஞ்சு நிமிஷத்துல நெட் வந்துடும். "கம்ப்ளைன்ட் க்ளோஸ் பண்ணிடறேன் சார்." மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி சங்கு.

ரீஸ்டார்ட்ங்கறது வைத்தியமே இல்லை, தடயத்தை அழிக்கிற வேலைன்னு இப்ப அடிச்சுச் சொல்வேன். தானா திரும்பி வர்ற நெட்டுக்கும் பேரை அது தட்டிக்கிட்டுப் போயிடும்.

இதுல அடி வாங்கினது தங்கமணி. வீட்டுல இருந்துதான் வேலை. ஏழரைக்கு மீட்டிங். பாதிப் பேச்சுல காணாம போயிடுவாங்க. அப்புறம் மொட்டை மாடி, கொசுக்கடி, போன் டேட்டா. அப்ரைசல்லயும் அதை எழுதி வெச்சுட்டாங்க மகராசனுங்க. நானோ முதல் வாரம் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே "உன் லேப்டாப் பழசு"ன்னு தீர்ப்பு சொன்னவன். அது போதாதுன்னு 2,800 ரூபாய்க்கு புது வைஃபை பெட்டி வேற. ஒண்ணும் மாறலை.

ஒரு சனிக்கிழமை எதையும் அணைக்காம உக்காந்து பார்த்தேன். கமாண்ட் பிராம்ப்ட்ல ரெண்டு கறுப்பு ஜன்னல். ஒண்ணுல ரவுட்டருக்கு (எங்க வீட்டுல 192.168.1.1) பிங், இன்னொண்ணுல வெளியில 8.8.8.8க்கு பிங். முதல் ஜன்னல் விக்கினா வைஃபை கோளாறு: இடத்தை மாத்தணும், இல்லைன்னா 1, 6, 11ல கூட்டமில்லாத சானலுக்குப் போகணும். ரெண்டும் ஓடியும் பக்கம் திறக்கலைன்னா டிஎன்எஸ்ஸைப் பார்க்கணும்.

நெட் போனப்ப ரவுட்டர் ரெண்டு மில்லி செகண்டுல ஜம்முனு பதில் சொல்லுது. வெளியிலதான் டைம் அவுட். பெட்டியில 'லாஸ்'ங்கற விளக்கு சிவப்பா கண்ணடிக்குது. ஃபைபர்ல வெளிச்சம் சரியா வரலைன்னு அர்த்தம். ரவுட்டர் பக்கத்துக்குள்ள போனா வர்ற வெளிச்சத்தோட அளவு இருக்கும். மதியம் மைனஸ் 19 காட்டினது, இப்ப மைனஸ் 28. சாதாரணமா மைனஸ் 27தான் எல்லை. மூணு குறைஞ்சாலே வெளிச்சம் பாதி. ஒன்பது குறைஞ்சா எட்டுல ஒரு பங்கு.

அது ஏன் சாயங்காலம் மட்டும்? ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். கனெக்ஷன் குடுத்தவர் சுவத்துல ஓட்டை போட சோம்பல்பட்டு ஜன்னல் சட்டம் வழியா கொண்டு வந்திருக்கார். கொசுவுக்காக ஆறரைக்கு ஜன்னலைச் சாத்தறோம். கதவு ஃபைபரை நெரிக்குது. மடங்கின இடத்துல வெளிச்சம் வெளியில கசிஞ்சுடும். ஜன்னலைத் திறந்தேன், மைனஸ் 19. சாத்தினேன், மைனஸ் 28. நாலு வாட்டி செஞ்சு பார்த்தேன், நம்பவே முடியலை.

எனக்குக் கோபம் ஜன்னல் மேல இல்லை. இந்த அளவை கம்பெனிக்காரங்க அவங்க இடத்துல இருந்தே பார்க்கலாம். மூணு மாசத்துல ஒருத்தராவது பார்த்திருந்தா தங்கமணிக்கு அந்த அப்ரைசல் வந்திருக்காது. போன் எடுக்கற பசங்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவங்க கையில குடுத்திருக்கற காகிதத்துல முதல் வரியே ரீஸ்டார்ட்தான்.

ரெண்டு அளவையும் போட்டோ எடுத்து, நேரம் போட்டு அனுப்பினேன். மறுநாளே ஆள் வந்து சுவத்துல ஓட்டை போட்டு ஒயரை மாத்திட்டுப் போனார்.

அந்த 2,800 ரூபாய் பெட்டி பரண்ல தூங்குது. யாருக்காவது வேணுமா? :-)