குடிக்கூலி வீட்டில் எழுதும் கதை

கணிப்பொறி விளையாட்டுகளுள் கதைமாந்தராய் நின்று ஆடும் வகையொன்று உண்டு. ஆடுவோர் தேர்ந்துரைக்கும் சொல்லுக்கேற்பக் கதையின் போக்கே மாறும். அதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் பொருந்தாது, அஃது எழுத்துத்தொழிலே. ஆனால், அவ்வெழுத்தாளன் பெரும்பாலும் குடிக்கூலி வீட்டில் இருந்தே எழுதுகின்றான். கதைக்குரிய உலகும் பெயர்களும் பிறர் உடைமை. முடிக்கவேண்டிய நாளோ முதலிட்டோர் கையில்!

'இசுடார் வார்சு' திரைப்படங்களின் உலகில் அமைந்த 'நைட்சு ஆப் தி ஓல்டு ரிபப்ளிக்' என்னும் விளையாட்டை 2003-இல் பயோவேர் நிறுவனம் ஆக்கியது. அதன் இரண்டாம் பகுதியை ஒப்சிடியன் ஆக்க, உரிமமுடைய உலூக்கசுஆர்ட்சு 2004 திசம்பரில் வெளியிட்டது. அதில் கிரையா என்றொரு முதுமகள் வருகின்றாள். திரைப்படங்கள் ஒளி, இருள் என இரண்டாய்ப் பிளந்துவைத்த அறத்தையே அவள் வினவுகின்றாள். இரவலனுக்கு இட்ட காசும் அவனுக்குக் கேடாய் முடியலாம் எனக் காட்டுகின்றாள். இரவல் உலகுக்குள் நின்றே அவ்வுலகின் அடிக்கல்லை அசைத்த எழுத்து அது. எத்துணைத் திரைப்படங்களுக்கு அத்துணிவு வந்தது?

அவ்வெழுத்துக்கு நேர்ந்தது என்ன? ஆண்டிறுதி விற்பனை தவறலாகாது என்று, ஒன்றரை ஆண்டும் நிறையுமுன் பணி முடிக்கப்பட்டது. பொறிமாந்தர் வாழும் கோள் ஒன்று முழுதாய் வெட்டுண்டது. உடன்வந்த தோழர்கள் இறுதியில் என்ன ஆயினர் என்பதே தெளிவின்றி நின்றது. பேசிப் பதித்த உரைகள் பல வட்டுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. அவற்றைச் சுவைஞர் சிலர், கூலி ஏதுமின்றி, ஆண்டுக்கணக்கில் தோண்டியெடுத்து உரிய இடங்களில் பொருத்தினர்.

உரிமம் கைநழுவியதே நன்றாய் முடிந்ததும் உண்டு. 'ஃபால்அவுட்டு' என்னும் விளையாட்டு, கர்ப்சு என்னும் பிறர் ஆட்டநெறியை இரவல் பெற்றே தொடங்கப்பட்டது. அவ்வுடன்பாடு முறியவே, இன்டர்பிளே நிறுவனத்தார் தமக்கெனப் புதுநெறி வகுத்து 1997-இல் வெளியிட்டனர். எனினும் 2007-இல் அவ்வுடைமையும் பெதெசுடாவுக்கு விலைபோயிற்று. பின்னர் அதே உலகில் 'நியூ வேகாசு' கதையை ஒப்சிடியன் 2010-இல் எழுதியது, பிறர் இசைவு பெற்றே. திறனாய்வு மதிப்பெண் 85 எட்டினால் மிகையூதியம் என்பது உடன்பாடு, எட்டியது 84. எண்ணிப் பாருங்கள், கதையை நிறுக்கும் தராசு அது!

பொருள் இட்டவர் கெடு வைப்பது இயல்புதானே என்பர். கெடுவை எவரும் மறுக்கவில்லை. கெடுவுக்காக வெட்டியதைக் கெடு கழிந்த பின்னும் எழுதியவனே ஒட்டவைக்க முடியாமை எவ்வகை வணிகம்? 2022-இல் அவ்விளையாட்டை நிண்டெண்டோ சுவிட்சு பொறிக்குக் கொணர்ந்த ஆசுபையர் நிறுவனம், சுவைஞர் மீட்ட பகுதிகளையும் சேர்த்துத் தருவதாக அறிவித்தது. அதை நம்பி வாங்கினோர் பலர். 2023 சூனில், அவை வாரா என்று அந்நிறுவனமே கைவிரித்தது.