நேர்காணல் அறையில் இன்னும் இரண்டு கதிரைகள் வேண்டும்

மக்கில் பல்கலைக்கழக மருத்துவ பீடாதிபதி அவர்களுக்கு,



மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களைப் பல காலமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். மொன்றியல் வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்வதால் கிடைத்த வாய்ப்பு அது. அநேகமானவர்களின் சட்டைப் பையில் ஒரு மடித்த தாள் இருக்கும். மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகள். அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு கிழமைக்கு நீடிக்கவேண்டும். மேனியா என்று சொல்ல ஒரு கிழமை. மனவடு நோய்க்கு ஒரு மாதத்துக்கு மேல். மனச்சிதைவு என்று எழுத ஆறு மாதம். பரீட்சைக்கு முதல் நாள் அதை முணுமுணுத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும், மரியாதையும் வரும். அந்தத் தாளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் விடையை நோயாளியிடமிருந்தோ வீட்டாரிடமிருந்தோதான் எடுக்கவேண்டும். அதை எப்படி எடுப்பது என்பது பற்றித்தான் இந்த மடல்.

மாரடைப்புக்கு ட்ரோபோனின் பார்க்கலாம், சலரோகத்துக்கு இரத்தத்தில் சீனி பார்க்கலாம். மனச்சிதைவுக்கோ மனச்சோர்வுக்கோ அப்படி ஒரு பரிசோதனை இன்றுவரை இல்லை. தைரொயிட், பி12, போதைப்பொருள் சோதனை, தலை ஸ்கான் எல்லாம் செய்வது வேறு வருத்தம் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்யத்தான். மிச்சம் முழுவதும் கேள்வியும் பதிலும் அவதானிப்பும். கேள்வி பிழைத்தால் நோயே மாறிப்போகும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாய், பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள். நான் போய்ச் சேரமுதலே கேள்விகள் தொடங்கிவிட்டன. பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தது பிள்ளைதான். "சாகவேண்டும் போல நினைப்பு வருகிறதா?" என்று வைத்தியர் கேட்டார். பிள்ளை அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பி, "அம்மா, உங்களுக்கு வீட்டில சந்தோசம் இல்லையோ?" என்றாள். தாய், "ஏன் பிள்ளை, இருக்குத்தானே" என்றார். "இல்லையாம்" என்று பிள்ளை பிரெஞ்சில் சொல்ல, படிவத்திலும் 'இல்லை' என்று ஏறியது. அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கும்படி நான் வேண்டிக்கொண்டேன். மகளை வெளியே இருத்திவிட்டுக் கேட்டபோது வந்த பதில் வேறு. அன்றிரவு அந்தத் தாயை வீட்டுக்கு அனுப்பவில்லை.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. இராநேரம், சனம் கூட, இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை ஒன்று கைக்கெட்டின தூரத்தில் நிற்கிறது. யாராக இருந்தாலும் அதைச் செய்யத்தான் பார்ப்பார்கள். தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நேராகவே கேட்கட்டும். பெற்ற பிள்ளையின் வாயால் மட்டும் கேட்கவேண்டாம்.

இன்னொன்று: எங்கள் சனம் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் வருவது குறைவு. நெஞ்சு அடைக்கிறது, தலையிடி, கைகால் உளைவு, நித்திரை இல்லை, ஒரே யோசினை, பெருமூச்சு வருகிறது என்றுதான் வருவார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே ஆள் அதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். போர்க்கால யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இழப்பும் பயமும் உடம்பின் நோவாக வெளிவருவதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1986 ஆகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்களே, அவர்களில் பலர் வந்து குடியேறியது இந்த மொன்றியலில்தான். அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் நெஞ்சு நோகிறது என்று வந்தால் இதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்து முடித்த பிறகும் கேட்க இரண்டு கேள்வி மிச்சம் இருக்கவேண்டும்.

இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மனநல மருத்துவத்தின் நல்லதும் கெட்டதும் இந்த நகரத்தில் ஒரே காலத்தில் நடந்தன. வேர்டன் புரொட்டஸ்டன்ட் வைத்தியசாலையில், அதாவது இன்றைய டக்ளஸில், ஹைன்ஸ் லேமன் என்ற வைத்தியர் இருந்தார். மருந்து விற்பனையாளர் ஒருவர் விட்டுப்போன பிரெஞ்சுக் கட்டுரைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியல் தொட்டிக்குள் கிடந்தபடி வாசித்தார் என்று சொல்வார்கள். 1953இல் குளோர்ப்ரோமசினை 71 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ஹான்ராகன் என்ற இளம் வைத்தியரோடு சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் அந்த மருந்து பற்றி வட அமெரிக்காவில் வந்த முதல் ஆய்வறிக்கை. எங்கள் ஊரில் மூத்தவர்களுக்கு லார்காக்டில் என்று பழகின மருந்து அதுதான். லேமனிடம் பெரிய கருவி ஒன்றும் இருக்கவில்லை. கட்டிலருகே நின்று, யார் அடங்கினார், யார் தெளிவாகப் பேசத் தொடங்கினார், யாருக்குக் கைகால் இறுகிற்று என்று பார்த்துப் பார்த்து எழுதினார்.

அதே ஆண்டுகளில் மலைச்சரிவில், றேவன்ஸ்கிறாக் மாளிகையிலிருந்த அலன் மெமோரியல் நிறுவனத்தில், யூவன் கமரன் இருந்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும், உலக மனநல மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவராகவும் இருந்த பெரிய மனிதர். பதற்றம், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான சோர்வு என்று வந்தவர்களைக்கூட நாட்கணக்கில் மருந்தால் உறங்க வைத்து, வரம்பு மீறிய மின்னதிர்ச்சி கொடுத்து, ஒலிநாடாவில் ஒரே வாக்கியத்தை ஆயிரக்கணக்கான தடவை காதுக்குள் ஓடவிட்டார். 1957 முதல் அதற்குச் சி.ஐ.ஏ.யின் பணமும் மறைவாக வந்தது. 1992இல் கனடிய அரசு 77 பேருக்குத் தலா ஒரு இலட்சம் டொலர் கொடுத்தது. நோயாளி பேச வைத்தியர் கேட்கவேண்டிய இடத்தில் நாடா பேசியது, நோயாளி கேட்டார். கமரனின் குற்றத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

(அந்தக் கதையாலும் சினிமாவாலும் மின்னதிர்ச்சி என்றாலே வீட்டார் பதறுகிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, சம்மதம் வாங்கி, இன்று செய்யும் சிகிச்சை கடுமையான மனச்சோர்வில் உயிர் காக்கிறது என்பதையும், கொஞ்சக் காலத்துக்கு ஞாபகமறதி வரலாம் என்பதையும் மாணவர் பொறுமையாகச் சொல்லப் பழகவேண்டும்.)

முதல் கதிரை மொழிபெயர்ப்பாளருக்கு. இனி இரண்டாவது கதிரை. அது வீட்டாருக்கு.

சோர்ந்துபோய் வந்திருக்கும் இளைஞனுக்கு மூன்று வருசத்துக்கு முன் ஒரு மாதம் நித்திரையே இல்லாமல், கடன் அட்டையில் வாங்கித் தள்ளி, பெரிய திட்டங்கள் பேசித் திரிந்த காலம் ஒன்று இருந்திருக்கும். அவனைக் கேட்டால் "அப்ப நான் நல்லா இருந்தன்" என்பான். தாய்க்குத்தான் அது தெரியும். அவரைக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தால், இருமுனைக் கோளாறு உள்ளவன் திரும்ப மேனியாவுக்குள் போகக்கூடும். லித்தியம் போன்ற ஒரு மருந்து வேண்டியிருந்ததா, இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் பார்த்து வருவது யார் பொறுப்பு என்ற பேச்செல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் வரும்.

கியூபெக்கில் 14 வயதானால் பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். தமிழ்ப் பெற்றோருக்கு இது இடி விழுந்த மாதிரி. "என்ர பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குச் சொல்லமாட்டினமாம்" என்று தாழ்வாரத்தில் நின்று அழுத தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். சட்டம் சட்டமாகவே இருக்கட்டும். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இரகசியக் காப்பு என்பது வைத்தியரின் வாயைத்தான் கட்டுகிறது, காதைக் கட்டவில்லை. நோயாளியின் அனுமதியில்லாமல் வீட்டாருக்கு விவரம் சொல்லக்கூடாது. வீட்டார் சொல்வதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் "எங்களால் பேச முடியாது" என்று கதவைச் சாத்துகிற இளம் வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

குடும்பத்தைப் பற்றி நான் பாசத்தில் பேசுவதாக நினைக்கவேண்டாம். இந்த நகரமும் சென்னையும் சேர்ந்து செய்த ஆய்வே இருக்கிறது. டக்ளஸில் அசோக் மல்லாவும் ஸ்ரீவித்யா ஐயரும், சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில் தாராவும், முதல்முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு இரு நகரிலும் ஒரே மாதிரியான ஆரம்பகாலச் சிகிச்சை கொடுத்து இரண்டு வருசம் கவனித்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை இரு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. பேச்சு வற்றுதல், முகம் உணர்ச்சியற்றுப் போதல், எதிலும் நாட்டமின்மை போன்றவற்றில் சென்னை முன்னே நின்றது. மாத்திரைகளால் பெரிதாக அசைக்க முடியாத அறிகுறிகள் இவைதான். சிகிச்சைக்குழுவோடு குடும்பங்கள் வைத்திருந்த தொடர்பும் சென்னையில் கூட.

இதைப் பார்த்து ஊர்ப்பெருமை பேசவும் நான் தயாரில்லை. 2001 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டு ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கூரைக்குத் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பமுடியாமல் மாண்டார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டதும் குடும்பம்தான். சென்னையில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, கையைப் பிடித்து கிளினிக்குக்குக் கூட்டி வரும் தாய்க்கு மாற்று ஆள் கிடையாது என்பதும் அந்த நல்ல முடிவுக்குள் இருக்கிறது. வீட்டாரைச் சேர்த்துக்கொள்வது என்பதில், அவர்களுக்கு நோயை விளக்குவதும் அவர்கள் களைப்பதைக் கவனிப்பதும் அடங்கும்.

பீடாதிபதி அவர்களே, பண்பாடு கடந்த மனநல மருத்துவத்துக்கு 1950களிலேயே இடம் கொடுத்தது உங்கள் பல்கலைக்கழகம். யூத பொது வைத்தியசாலையில் லோரன்ஸ் கிர்மயர் தலைமையில் 1999இல் தொடங்கிய பண்பாட்டு ஆலோசனைச் சேவைக்கு வேறு நாட்டவர்களும் வந்து பார்த்துப் போகிறார்கள். நோய் உங்களுக்கு எப்படித் தெரிகிறது, வீட்டார் அதை என்னவென்கிறார்கள், யாரிடம் முதலில் போனீர்கள் என்று விசாரிக்கும் பதினாறு கேள்விகள் டி.எஸ்.எம்-5 நூலிலேயே உண்டு. அறிவு இங்கேயே இருக்கிறது. விருப்பமுள்ளவர் தேடிப்போய்க் கற்கும் பாடமாக அது நின்றுவிடக் கூடாது. சத்திர சிகிச்சைக்குப் போகப்போகிற மாணவருக்கும் அது சேரவேண்டும்.

ஆகையால் கேட்கிறேன். பட்டம் பெறமுன் ஒவ்வொரு மாணவரும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரோடு ஒரு முழு மனநல நேர்காணலாவது செய்யட்டும்; மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல் நோயாளியைப் பார்த்துப் பேசப் பழகட்டும். அதற்குப் பரீட்சையில் புள்ளியும் இருக்கட்டும், புள்ளியில்லாத எதையும் மாணவர் படிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நோயாளியின் அனுமதியோடு வீட்டாரை அழைத்துப் பேசுவதையும் அதே நேர்காணலின் பகுதியாக்குங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதில்லை என்று எழுத்தில் ஒரு விதி போடுங்கள். பாடத்திட்டக் குழு அடுத்தமுறை கூடும்போது எங்கள் மொழிபெயர்ப்பாளர்களில் இருவரைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இங்ஙனம்,
வைத்தியசாலைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
மொன்றியல்