தலைவலிக்கும் சிகிச்சை உண்டு



பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலியோடு (மைக்ரேன்) வாழ்கிறேன். பாண்டுப் ஸ்டேஷன் வெயிலில் நின்றாலே வலி கிளம்பிவிடும். லோக்கல் ரயில் குர்லா போய்ச் சேர்வதற்குள் குமட்டல். "எல்லாருக்கும் வர்றதுதானே, தைலம் தேய்ச்சுக்கோ" என்பார்கள் வீட்டில்.

மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாளாவது தலைவலி இருந்தால் அது நாள்பட்ட மைக்ரேனாக இருக்கலாம் என்பதையே நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் அதுவே தலைவலியை வளர்க்குமாம். மாத்திரையைக் குறைத்த முதல் வாரங்கள் கொடுமையானவை. தடுப்பு மருந்தாக அவர் எழுதியது புரொப்ரனோலால். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பழைய, விலை குறைந்த மாத்திரை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மாதம் ஆகலாம் என்றார். பொறுத்தேன். இப்போது விளக்கைப் போட்டு உட்கார்ந்து மகனுக்குப் பாடம் சொல்லித்தர முடிகிறது. இன்னும் வலி வருகிறது, ஆனால் பயம் போய்விட்டது.

சயான், கே.இ.எம். மாநகராட்சி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே காலம் தள்ளும் நம் பெண்களுக்காக, மருத்துவர் ஒருவரின் கட்டுரையைத் தமிழில் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, பாண்டுப், மும்பை